அச்சப் பன்மை

ஒருவரையே விளித்தாலும் பலரை விளிப்பதுபோல் பேசுவது நம் மொழியில் மதிப்பின் அடையாளம். ‘நீ’ என்பது ‘நீங்கள்’ ஆகிறது. ‘வா’ என்பது ‘வாருங்கள்’ ஆகிறது. இதனை மதிப்புப் பன்மை என்று கல்லூரி மாணவர்க்குக் கற்பித்தே என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. இந்த இலக்கணம் செல்லுபடியாகாத ஓர் ஊரில் என் முதுமை கழியும் என்று அப்போது நான் எண்ணியதில்லை. அது செல்லாமற் போனதே ஒரு பெண்ணின் பொறியியற் படிப்பை முறித்துப்போடும் என்பதும் என் எண்ணத்துக்கு எட்டாத ஒன்றாகவே இருந்தது.

போளூரில் எங்கள் வீடு நெல் அரைவை ஆலைகளுக்கு நடுவே இருந்தது. உமித் தூசியால் என் துணைவிக்கு மூச்சுத் திணறல் ஏற்பட்டது. மலைக்காற்று நல்லது என்று மருத்துவர் சொல்ல, நான் ஓய்வு பெற்றதும் சவ்வாது மலையில் ஒரு சிற்றூரில் ஓட்டு வீடொன்றை வாடகைக்குப் பிடித்தோம். சரக்குந்திலிருந்து புத்தகக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டம்மாள் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“இன்னாய்யா, நீதான் கீழருந்து வந்த வாத்தியாரா? இவ்ளோ பொஸ்தகமும் நீ படிச்சதா, இல்ல விக்க எடுத்தாந்தியா?”

எனக்குக் காது சிவந்தது. தலைமுறை தலைமுறையாக மாணவர் ‘ஐயா’ என்று எழுந்து நின்ற வகுப்பறைகளிலிருந்து வந்தவன் நான். என் துணைவியோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “படிச்சதுதாம்மா. ஆனா ஒன்னும் ஏறல,” என்றாள். பக்கத்து வீட்டம்மாளும் சிரித்தாள். “அப்ப வா, வந்து கூழு குடி. கட்ட அப்பறமா தூக்கலாம். நீயும் வாயா.”

அந்த ஊரில் எல்லாருக்கும் எல்லாரும் ‘நீ’ தான். ஊர்க்கவுண்டரும் நீ, பள்ளி ஆசிரியரும் நீ, ஊசி போட வரும் செவிலியும் நீ. சாமியிடம் நாம் எல்லாருமே ஒருமையில்தான் பேசுகிறோம். அவர்கள் அந்த ஒருமையைச் சாமியோடு நிறுத்திக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். முதற் சில திங்கள்கள் ஒவ்வொரு ‘நீ’யும் என்னுள் சிறு முள்ளாய்த் தைத்தது. பின்னர் அந்த முள் எப்போது மழுங்கியது என்று எனக்கே தெரியவில்லை.

அவர்கள் பன்மை அறியாதவர்கள் அல்லர் என்பது ஒரு நாள் எனக்கு விளங்கிற்று. மரம் வெட்டியது யார் என்று கேட்டுக்கொண்டு சீருடையணிந்த ஒருவர் வந்தார். பக்கத்து வீட்டுக்காரர், புளியமரம் ஏறினால் கிளைகளோடு வேடிக்கை பேசுகிறவர், அன்று தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். “வாங்க, குந்துங்க. எங்களுக்குத் தெரியாதுங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க,” என்றார். பிழையில்லாத பன்மை. வந்தவர் போனபின் பக்கத்து வீட்டம்மாளிடம் கேட்டேன்: “அவரிடம் ‘வாங்க’ என்கிறீர்கள், என்னிடம் ‘வா’ என்கிறீர்களே?”

அவள் என்னை ஓர் அறியாப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“அவனண்ட பயம், அதான் ‘ங்க’ போட்டுப் பேசறோம். உன்னண்ட எங்களுக்கு இன்னா பயம்?”

அன்றிரவு உணவுண்ணும்போது, “எனக்கு ஒரு புதிய இலக்கணம் கிடைத்தது. அச்சப் பன்மை,” என்றேன். “சோறு ஆறுது, சாப்பிடுங்க,” என்றாள் என் துணைவி.

பக்கத்து வீட்டாருக்கு ஒரே மகள். மலைமேலுள்ள உறைவிடப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறை தோறும் எங்கள் வீட்டில்தான் கிடப்பாள். புத்தகத்துக்காக அன்று, என் துணைவியின் தொலைக்காட்சிக்காக. என்னைப் ‘பெரிப்பா’ என்பாள். தன் தந்தையை ‘நைனா’ என்பாள். இருவருக்கும் அதே ‘நீ’. கேள்வி கேட்பதில் அவளுக்குச் சோர்வே கிடையாது. தொலைக்காட்சியில் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்தால், விழுந்தது ஏன் என்பாள். விழாமல் நிற்கும் பக்கத்துக் கட்டடத்தைக் காட்டி, அது விழாதது ஏன் என்றும் கேட்பாள். எனக்கு இரண்டுக்கும் விடை தெரியாது.

எங்கள் ஊருக்கும் மண்சாலைக்கும் இடையே ஓர் ஓடை உண்டு. அதன்மேல் சிறுபாலம் கட்டத் தொடங்கிய எவரோ இருகரையிலும் கற்சுவர் எழுப்பிவிட்டுப் போய்விட்டனர். நடுவே போடவேண்டிய தளம் வரவேயில்லை. சுவர்களின் உச்சியில் கம்பிகள் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தன. மழைக்காலத்தில் தண்ணீர் அச்சுவர்களுக்கிடையே பொங்கிப் போகும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். ஒரு மாலை நடையின்போது அவள் அந்தச் சுவர்மேல் ஏறி நின்று கேட்டாள்.

“பெரிப்பா, நடுவுல தளம் போட்டா முடிஞ்சிது. ரெண்டு பக்கமும் சொவுரு வெச்சிட்டு ஏன் வுட்டுட்டுப் போனான்?”

“தெரியவில்லையம்மா.”

“உனக்கு இன்னாதான் தெரியும்? சரி வுடு. நான் இஞ்சினீருக்குப் படிச்சி வந்து போடுறேன். அதுவரிக்கும் நீ உசுரோட இரு.”

அதைச் சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள், உறுதியாக இருக்கிறதா என்று.

அவள் சொன்னபடியே நடந்தது. சமவெளியில் உள்ள ஒரு கல்லூரியில் கட்டுமானப் பொறியியலில் அவளுக்கு இடம் கிடைத்தது. எங்கள் ஊரிலிருந்து பொறியியல் படிக்கப் போகும் முதற்பெண் அவள். புறப்பட்ட நாளில் ஊரே பேருந்து நிறுத்தம்வரை வந்தது. தாய் ஒரு பையில் சாமை அரிசியும் இன்னொன்றில் புளியும் கட்டிக் கொடுத்தாள்.

“ஆஸ்டல்ல சோறு போடுவாங்கம்மா,” என்றாள் மகள்.

“போடட்டும். புளிய எவன் நம்ம மாதிரி குடுப்பான்?”

தந்தைக்குக் கண் கலங்கிவிட்டது; அதை மறைக்க வேடிக்கை பேசினார். “ஏன் வாத்தியாரே, வூடு கட்டறதுக்கு நாலு வருசமா படிக்கணும்? என் மாமியார் வூட்ட நான் மழ வர்றதுக்குள்ள கட்டினேனே.”

“அதான் ஒழுவுது,” என்றாள் அவர் மனைவி.

பேருந்து கிளம்பியது. சன்னலில் தலையை நீட்டி அவள் என் துணைவியைப் பார்த்துக் கத்தினாள்: “பெரிம்மா, மாத்திரைய ஒழுங்கா துன்னு!”

முதல் விடுமுறையில் வந்தவள் எங்கள் கூடத்தில் உட்கார்ந்து கல்லூரியை நடித்தே காட்டினாள். விடுதியில் உடனுறையும் பெண்கள் அவள் இனம் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். சவ்வாது மலை வாழ்நருக்கு ‘மலையாளி’ என்று பெயர். மலையை ஆள்பவர் என்று நான் பொருள் சொல்வது வழக்கம். அவளும் மலையாளி என்றிருக்கிறாள். உடனே அவர்கள் கேரளப் பாட்டொன்றைப் பாடச் சொன்னார்களாம்.

“எனக்கு ஒன்னும் தெரியாதுன்னு சொன்னேன். கூச்சப்படறன்னு நெனச்சிக்கினு, ‘சேச்சி, சேச்சி’ன்னு பின்னாடியே வர்றாளுங்க பெரிம்மா. கடசீல நம்ம கூத்துப் பாட்டு ஒன்ன மூக்கால பாடிட்டேன். சூப்பர்னு கைதட்டினாளுங்க!”

என் துணைவி சிரித்துச் சிரித்து இருமலில் சிக்கிக்கொண்டாள். அவளுக்கு வெந்நீர் கொடுத்துவிட்டு, அந்தப் பெண் அடுத்ததையும் அதே சிரிப்போடுதான் சொன்னாள். நில அளவை வகுப்பில் ஆசிரியர் சொன்ன ஒன்று அவளுக்குப் புரியவில்லை. எழுந்து நின்று, “சார், புரியல, இன்னொரு வாட்டி சொல்லு,” என்றிருக்கிறாள். வகுப்பு அதிர்ந்து சிரித்தது. ஆசிரியர் இளைஞர், தம்மை இழிவுபடுத்துவதாக நினைத்து வெளியே போகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவளுக்கு வகுப்பில் பெயர் ‘சொல்லு’.

“கேன்டீன்ல நின்னா, ‘ஏ சொல்லு, டீ சொல்லு’ன்றானுங்க.”

“ஏண்டி, ஒரு ‘ங்க’ சேத்துக்கோயேன். என்ன கொறஞ்சிடப் போவுது?” என்றாள் என் துணைவி.

அவள் சற்று யோசித்தாள். “வாயில வருது பெரிம்மா. மனசுல வர்ல. ‘சொல்லுங்க சார்’னா, அந்தாளு எதுனா கேசு புடிக்க வந்தாப்ல கீது. புடிக்காதவங்கள அப்படித்தானே பேசுவோம்? அந்த சார் நல்லவரு. அவராண்ட எப்படி அப்படிப் பேசறது?”

அவளுக்கு அந்த ஆசிரியரைப் பிடித்திருந்தது. அதனாலேயே பன்மை வரவில்லை. இதை அந்த ஆசிரியருக்கு எவர் சொல்வார்?

இரண்டாம் பருவத்தில் அந்தக் கல்லூரியில் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கு நடத்த ஏற்பாடாயிற்று. உலகெங்கும் பொறியியல் வகுப்பறைகளுக்குள் பெண்களையும், ஒதுக்கப்பட்ட இனத்தவரையும், மலைவாழ் மக்களையும், உடற்குறை உடையோரையும் வரவேற்று அமர்த்துவது எவ்வாறு என்பது பொருள். என் பழைய மாணவர் ஒருவர் அங்கே ஆங்கிலம் கற்பிக்கிறார். தலைப்பைத் தமிழாக்கித் தருமாறு கேட்டு அவர் மலையேறி வந்தார். ‘டைவர்சிட்டி’ என்னும் சொல்லுக்குத் தமிழ் வேண்டும்.

அச்சொல்லோடு நான் நெடுநேரம் உழன்றேன். ‘வேற்றுமை’ என்றால் கேட்பவர் காதில் பிரிவினை என்று விழும். இலக்கணம் படித்தவனுக்கோ ஐ, ஆல், கு என்று உருபுகள் நினைவுக்கு வரும். ‘பன்முகத்தன்மை’ மேடையில் மூச்சு வாங்கும். இறுதியில் ‘பன்மை’ என்றேன். குறுகிய சொல், தூய சொல். ‘பொறியியற் கல்வியில் பன்மையைப் போற்றுவோம்.’ மாணவர் மகிழ்ந்து எழுதிக்கொண்டு போனார்.

கேட்டுக்கொண்டிருந்த என் துணைவி முருங்கைக் கீரையை உருவியபடியே சொன்னாள்: “பன்மைன்னா நீங்க, வாங்க, போங்க, அதானே? நம்ம பொண்ணுக்கு வராதது அதுதானே?”

நல்ல வேடிக்கை என்று அப்போது இருவரும் சிரித்தோம்.

கருத்தரங்குக்கு நானும் அழைக்கப்பட்டேன். மேடைக்குப் பின்னே நான் தந்த தொடர் ஆளுயர எழுத்துகளில் அச்சாகித் தொங்கியது. முதல் வரிசையில் அவளை உட்காரவைத்திருந்தனர்; சிறப்பு விருந்தினர்க்குக் காட்டுவதற்காகத்தான். தாய் வாங்கித் தந்த நீலச் சுடிதாரில், எண்ணெய் வைத்து இறுக்கப் பின்னிய தலையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டு கையை உயர்த்தி ஆட்டினாள். பக்கத்திலிருந்தவர் அவள் கையைக் கீழே இறக்கிவிட்டார்.

கடல் கடந்து வந்திருந்த பேராசிரியை ஒருவர் பேசினார். நரைத்த தலை, கறுத்த மேனி, கனிந்த குரல். தாம் படித்த காலத்தில் இயந்திரப் பட்டறையில் தாம் ஒருத்தியே பெண் என்றார். அக்கட்டடத்தில் பெண்களுக்கென்று கழிப்பறைகூட இல்லை. வளாகத்தின் மறுகோடிக்கு ஓடிப் போய்வர வேண்டும். திரும்பி வருவதற்குள் பாடம் நகர்ந்திருக்கும். பிள்ளையை வகுப்பறைக்கு ஏற்பத் திருத்தாதீர்கள், வகுப்பறையைத் திருத்துங்கள் என்று சொல்லி முடித்தார். ஓர் இளம் விரிவுரையாளர் அதைத் தொடர்தோறும் தமிழாக்கிச் சொன்னார், அழகாகவே சொன்னார். பின்னர் மாணவர் கேள்வி கேட்கலாம் என்று அறிவித்தனர். எவரும் எழவில்லை.

அவள் எழுந்தாள். ஒலிவாங்கிக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

“அம்மா, நீ ஒருத்தியா இருந்தப்ப உன்னப் பாத்து சிரிச்சாங்களா? சிரிச்சப்ப நீ இன்னா பண்ண?”

அரங்கம் கொல்லென்று சிரித்தது. பின்வரிசையிலிருந்து எவனோ, “சொல்லு!” என்று கத்தினான், சிரிப்பு மீண்டும் ஓர் அலையாய் எழுந்தது.

அதன்பின் நடந்ததை நான் எத்தனையோ முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் ‘நீ’ என்பதும் ‘நீங்கள்’ என்பதும் ஒரே சொல். அந்த இளைஞர் கேள்வியை அப்படியே மொழிபெயர்த்திருந்தால், அதிலிருந்த ஒருமை கடல்நீரில் உப்புப்போலக் கரைந்திருக்கும். பேராசிரியை காதில் நல்லதொரு கேள்வி மட்டுமே விழுந்திருக்கும். ஆனால் அவர் முதலில் மன்னிப்புக் கேட்டார். இந்தப் பெண் மலையிலிருந்து வருகிறவள், பெரியவர்களிடம் பேசும் முறை அறியாதவள், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். நன்மனத்தோடுதான் சொன்னார். கேள்வியைப் பிறகு ஏதோ விரைந்து முணுமுணுத்தார்.

பேராசிரியையின் முகம் மாறியது. கேட்டவளைக் காணும் கண்கள் நோயுற்ற பிள்ளையைக் காணும் கண்களாயின. பரவாயில்லை, பரவாயில்லை என்று கையசைத்துக்கொண்டே மேடையிலிருந்து இறங்கிவந்து அவளைக் கட்டி அணைத்துக்கொண்டார். படமெடுப்போர் சூழ்ந்தனர். கைதட்டல் நெடுநேரம் நீண்டது.

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்று, அது அவமதிப்பன்று, அன்பின் ஒருமை என்று என் தமிழில் விளக்கினேன். அதற்கும் கைதட்டினார்கள். என் தமிழுக்குத்தான் தட்டினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் என்னிடம் வந்தாள்.

“பெரிப்பா, அந்தம்மா இன்னா பதில் சொல்லிச்சி?”

“ஒன்றும் சொல்லவில்லையம்மா.”

“நான் கேட்டது தப்பா?”

“தப்பே இல்லை.”

“பின்ன ஏன் கட்டிப் புடிச்சிது?”

கையில் கொடுத்திருந்த பூங்கொத்தின் வண்ணத்தாளை நகத்தால் கிழித்துக்கொண்டே நின்றாள். சாப்பிட அழைத்தார்கள்; போனாள்.

அடுத்து ஊருக்கு வந்தவள் எதையும் நடித்துக் காட்டவில்லை. வகுப்பு எப்படி என்று கேட்டால், “நல்லா கீது” என்பாள். தொலைக்காட்சியில் எதுவோ இடிந்து விழுந்தது. பார்த்துக்கொண்டிருந்தாள், ஏன் என்று கேட்கவில்லை. “வயசுப் பொண்ணு, அப்படித்தான் இருக்கும்,” என்றாள் என் துணைவி. சொல்லிவிட்டு அவளே அன்று முழுதும் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பருவத் தேர்வு முடிந்து, முடிவும் வந்தபின், பெட்டியும் படுக்கையுமாக அவள் வந்து இறங்கினாள். எழுத்துத் தேர்வுகள் எல்லாவற்றிலும் தேறியிருந்தாள். ஆய்வகத்தில் நடக்கும் வாய்மொழித் தேர்வில் மட்டும் தவறியிருந்தாள். என் துணைவியின் மடியில் தலைவைத்துப் படுத்தவாறே சொன்னாள்; என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து.

“வெளிய இருந்து வந்த சார் பெரிம்மா. சிமென்ட்டு ஏன் கெட்டியாவுதுன்னு கேட்டாரு. தெரியும். தண்ணி பட்டவொடனே அது சூடாவும், அப்படின்னு ஆரம்பிச்சேன். நடுவுல ‘நீ தொட்டுப் பாரு’ன்னு வந்துடுமோன்னு பயமாயிட்டுது. நிறுத்திட்டேன். நிறுத்தினப்பறம் மறுபடி ஆரம்பிக்க வர்ல.”

“அப்புறம்?”

“அவரு நல்லாத்தான் கேட்டாரு. ‘பயப்படாம சொல்லு’ன்னாரு. அந்த ‘சொல்லு’ன்னதும் லேப்ல இருந்த பசங்க எல்லாம் சிரிச்சிட்டானுங்க. அவருக்கு ஏன்னே தெரியல. அவ்ளோதான்.”

ஆசிரியர் மாணவியை ‘சொல்லு’ எனலாம். அதில் எவருக்கும் குறை தோன்றுவதில்லை. மாணவி ஆசிரியரை ‘சொல்லு’ என்றால் அது அவளுக்குப் பெயராகவே ஒட்டிக்கொள்கிறது. ஒரே வினைச்சொல், ஒரே ஈறு. வாழ்நாளெல்லாம் இதைக் கற்பித்தவன் நான். இவ்வளவு கொடியது என்று எந்த நூலிலும் படித்ததில்லை.

அவள் தாய் கொதித்தாள். “எவன்டா சிரிச்சவன், காட்டு! பல்ல ஒடச்சிக் கையில குடுத்துட்டு வர்றேன்!” தந்தை வாசலில் உட்கார்ந்து அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். தீட்டத் தேவையில்லாத அரிவாள். தீட்டியபடியே சொன்னார்: “வுடும்மா. தண்ணி எறங்கினா ஓடைல நடந்து போவலாம். இத்தினி நாளு பாலம் இருந்தா போனோம்?”

விடுமுறை முடிந்தும் அவள் கல்லூரிக்குத் திரும்பவில்லை. மலைப் பெண்கள் சிலர் போளூரில் ஒரு துணிக்கடையில் வேலைபார்த்து, கடைக்காரர் ஏற்பாடு செய்த அறையில் தங்கியிருந்தனர். அவர்களோடு போய்ச் சேர்ந்துகொண்டாள்.

நான் என் பழைய மாணவரிடம் தொலைபேசியில் பேசினேன். அவர் முதல்வரிடம் பேசினார். அவர்கள் கல்நெஞ்சர் அல்லர். தவறிய ஒரு தேர்வை அடுத்த பருவத்தில் மீண்டும் எழுதலாம். இடம் அவளுக்காகவே காத்திருக்கிறது. வந்து சேர்ந்தால் போதும் என்றனர். “அவள் எங்கள் கல்லூரிக்கே பெருமை ஐயா. இந்த ஆண்டுச் சேர்க்கைக் கையேட்டின் அட்டையில் அவள் படம்தான்,” என்றார் மாணவர். அந்த அம்மையார் அணைத்துக்கொண்டிருக்கும் படம்.

இந்தச் செய்தியோடு நானும் என் துணைவியும் பேருந்தேறிப் போளூருக்கு இறங்கினோம். மூச்சுத் திணறுமே என்றேன். “வாய மூடிக்கிட்டு வர்றேன்,” என்றாள். வழியெல்லாம் அவளே பேசிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்ணிடம் எப்படித் தொடங்குவது, அழுதால் என்ன செய்வது, அவள் தங்கியிருக்கும் அறையிலிருந்து பெட்டியை எடுக்க ஆட்டோ கிடைக்குமா என்றெல்லாம்.

கடை குளிரூட்டப்பட்டது. கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் அரக்குநிறப் புடவையில் வரிசையாய் நின்ற பெண்கள் கைகுவித்தனர். மூன்றாவதாக நின்றவள் அவள்.

“வாங்க, வணக்கங்க. என்ன பாக்கறீங்க? சேலைங்களா, வேட்டிங்களா?”

சொல்லி முடித்த பிறகே எங்களைக் கண்டுகொண்டாள். முகம் மலர்ந்தது, உண்மையாகவே மலர்ந்தது. என் துணைவி அவள் கன்னத்தைத் தடவினாள். மேற்பார்வையாளர் ஒருவர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எங்களை இருக்கையில் அமர்த்தி, தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, வேட்டிகளை எடுத்து விரிக்கத் தொடங்கினாள். விரித்தபடியே பேசினால் வேலைக்கு இடையூறில்லையாம்.

நான் செய்தியைச் சொன்னேன். ஒரு தேர்வுதான், இடம் இருக்கிறது, அடுத்த திங்கள் சேர்ந்துவிடலாம். அவள் தலையைக் குனிந்துகொண்டே கேட்டாள். கைகள் வேட்டியின் கரையை நீவிக்கொண்டிருந்தன.

“பரவால்லைங்க பெரியப்பா. இங்க நல்லா பாத்துக்கறாங்க. பேசக் கத்துக் குடுத்தாங்க. நீங்க எதுக்கு இவ்ளோ தூரம் அலையறீங்க?”

‘பெரிப்பா’ அன்று, பெரியப்பா. ‘நீ’ அன்று, நீங்க.

மேற்பார்வையாளர் கேட்பதற்காகப் பேசுகிறாள் என்று எண்ணி, அவர் அப்பால் நகரும்வரை காத்திருந்தேன். நகர்ந்தார். “அம்மா, இப்போது யாருமில்லை. உன் விருப்பம் என்ன, அதைச் சொல்,” என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உதடு ஒருமுறை திறந்தது. அந்தச் சொல் வந்துவிடும் என்று நான் காத்திருந்தேன். ‘உனக்கு இன்னாதான் தெரியும்’ என்று என்னை வைவாள் என்று காத்திருந்தேன்.

“இல்லைங்க. வேணாங்க.”

குற்றமற்ற தமிழ். எங்கும் தடுக்கவில்லை. அந்த ஆய்வகத்தில் இன்று அவளை நிறுத்தினால் எந்தத் தேர்வாளரும் அவளிடம் குறை காணமாட்டார், எவனும் சிரிக்கமாட்டான். கல்லூரி அவளிடம் கேட்டதெல்லாம் இப்போது அவளிடம் இருந்தது. சிமென்ட்டு ஏன் இறுகுகிறது என்பது மட்டும் இனி அவளுக்குத் தேவைப்படவில்லை.

என் துணைவி ஒரு துண்டு வாங்கினாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது. வாசல்வரை வந்து கதவைத் திறந்துவிட்ட பெண், “போய்ட்டு வாங்க பெரியம்மா. உடம்பப் பாத்துக்கோங்க,” என்றாள். பெரிம்மா, மாத்திரைய ஒழுங்கா துன்னு என்று சன்னலில் கத்திய அதே வாய். பேருந்து நிலையம்வரை என் துணைவி அந்தத் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள், தூசிக்காக என்றாள்.

மலையேறி ஊர் சேரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. ஓடையில் தண்ணீர் இல்லை. அந்தச் சுவர்களுக்கிடையே இறங்கி நடந்து மறுகரை ஏறினோம். பக்கத்து வீட்டம்மாள் வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்; எங்களுக்காகவே காத்திருந்தாள் என்று தெரிந்தது.

“பாத்தியா வாத்தியாரே? எப்படி கீறா? திரும்பிப் போறேன்னாளா?”

“நன்றாக இருக்கிறாள். போகவில்லை என்றுவிட்டாள்.”

“உன்னண்ட இன்னா சொன்னா? சொன்னத அப்படியே சொல்லு.”

மறைக்கத் தோன்றவில்லை. “‘வாங்க’ என்றாள். ‘நீங்க எதுக்கு அலையறீங்க’ என்றாள். ‘வேணாங்க’ என்றாள்.”

அவள் கை நின்றது. விரல்களில் ஒட்டிய புளியோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“உன்னையா சொன்னா?”

“ஆம்.”

“உன்னண்ட அவளுக்கு இன்னா பயம்?”

கேட்டுவிட்டுக் குனிந்து அடுத்த புளியைக் கையில் எடுத்தாள்.